இரண்டாவது ஆள் எங்கே?

பெண்கள் நடத்தும் தொழில்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒருத்தியின் இரண்டு கைகளோடு முடிந்துவிடுகின்றன. கடன் கிடைத்த பிறகும் தொழில் ஏன் பெருகவில்லை? மதுரை மாவட்டம் வாடிப்பட்டி வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை.

காலை ஆறு மணிக்கு வாடிப்பட்டியில் நிற்கும் மதுரை டவுன் பஸ்ஸில் முதலில் ஏறுவது ஆள் இல்லை, மூட்டை. கறிவேப்பிலைக் கட்டு ஏறும். வாழையிலைச் சுருள் ஏறும். ஈரச்சாக்கு சுற்றிய சோழவந்தான் வெற்றிலைக் கவுளி ஏறும். வாய்க்குத் துணி கட்டிய எவர்சில்வர் தூக்கு, நியூஸ்பேப்பரில் பொதிந்த வடக மூட்டை என்று ஒவ்வொன்றாக உள்ளே போன பிறகுதான் அவற்றின் சொந்தக்காரிகள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறுவார்கள். “சீட்டுக்கு அடியில தள்ளும்மா, நடக்க வழி விடணும்ல” என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். பதிலுக்கு நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

2021 மே மாதத்திலிருந்து இந்தச் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2025-ல் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு அடையாள அட்டை வந்தது. அதைக் காட்டினால் 100 கிலோமீட்டர் தூரம் வரை, 25 கிலோ பொருளை அரசு பஸ்ஸில் சுமைக் கட்டணம் இல்லாமல் ஏற்றிச் செல்லலாம். அன்றாட வியாபாரத்துக்கு இது சின்ன உதவி இல்லை. ஆனால் 25 கிலோ என்பது ஒரு பெண் தனியாகத் தூக்கி இறக்கக்கூடிய எடை. அதைத் தாண்ட வேண்டுமென்றால் கூட ஒரு ஆள் வேண்டும். பெண்களின் தொழில் பெரும்பாலும் நின்றுபோவது அந்த இடத்தில்தான்.

[பெட்டி] கணக்கெடுப்பு காட்டியது

2013-14-ல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் சுமார் 80.5 லட்சம்.
இது மொத்த நிறுவனங்களில் 13.76 சதவீதம்.
அந்த 80.5 லட்சத்தில் 13.51 சதவீதம் தமிழ்நாட்டில். மாநிலங்களில் முதலிடம்.
நாடு முழுவதும் உள்ள அந்த 80.5 லட்சத்தில், கூலிக்கு ஒருவர்கூட இல்லாமல் நடப்பவை 83.19 சதவீதம்.
கைக்காசு போட்டே நடப்பவை 79 சதவீதம்.

பத்தாண்டுக்கு மேல் பழைய கணக்கு இது. அடுத்து எடுத்த ஏழாவது கணக்கெடுப்பின் முடிவுகள் வெளிவராததால், இன்றும் இதைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

குழுவால் வந்த பலமும் எல்லையும்

பெண்ணுக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வருமா என்ற கேள்விக்கு மதுரை மாவட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. பில்லுச்சேரி சின்னப்பிள்ளை வயல் வேலைக்குப் பெண்களைச் சேர்த்து அழைத்துப்போகும் கொத்துத் தலைவியாக இருந்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். 1990-ல் மதுரைப் பக்கம் தொடங்கிய களஞ்சியம் இயக்கத்தில் சேர்ந்து, சிறுசேமிப்புக் குழுக்களை ஊர் ஊராகக் கட்டினார். 2001 ஜனவரியில் தில்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்த மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலில் விழுந்து வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ வந்தது. இவ்வளவுக்கும் பிறகு, தனக்கு ஒரு வீடு இல்லை என்று அவர் சொன்னது செய்தியானது. வீடு கட்டித்தர மாநில அரசு உத்தரவிட்டது 2024 மார்ச்சில். காலில் விழுந்த நாளுக்கும் அந்த உத்தரவுக்கும் இடையில் 23 ஆண்டுகள்.

1983-ல் மகளிர் மேம்பாட்டு நிறுவனம், 1989-ல் தர்மபுரியில் முதல் அரசுக் குழுக்கள், 1992-ல் நபார்டு வங்கியின் குழுக் கடன் இணைப்பு என்று குழுக்களுக்கான ஏற்பாடுகளும் வேகமாக நகர்ந்தன. அடமானம் இல்லாமல் ஒரு குழு வாங்கக்கூடிய கடன் 2021-ல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்ந்தது.

குழுக் கடனில் உள்ள சிக்கலை வெளிப்படையாகப் பேசுபவர்கள் குறைவு. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்குப் பத்து லட்சம் வந்தால் ஆளுக்கு எண்பதாயிரத்துச் சொச்சம். மனத்தாங்கல் வராமலிருக்கச் சமமாகப் பிரிப்பதே பல குழுக்களின் வழக்கம். ஒருத்திக்கு ஆடு வாங்க அது போதும். இன்னொருத்தி செக்கு போட நினைத்தால் பத்தாது. முதலவள் தனக்கு வேண்டாத பணத்தையும் வாங்கிக்கொண்டு வட்டி கட்டுகிறாள். இரண்டாமவள் குறையை வெளியே புரட்டுகிறாள். நலிந்தவரைத் தூக்கி நிறுத்தப் பிறந்த ஏற்பாடு குழு. ஒருத்தி மட்டும் ஓட்டமெடுக்க அதில் வழி குறைவு.

அதனால் வளர நினைப்பவள் குழுவை விட்டுத் தனிக் கடனுக்கு வங்கிக்குப் போகிறாள்.

“சொத்து யார் பேர்லம்மா இருக்கு?”

சிறு, குறுந்தொழில் கடனுக்குப் பத்து லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. ஆனால் கவுன்டருக்கு முன்னால் கேள்வி வேறு விதமாக வரும். வீட்டுக்காரர் என்ன செய்கிறார், ஜாமீன் கையெழுத்துப் போட அவரைக் கூட்டிவர முடியுமா, வீடு யார் பெயரில் இருக்கிறது? அடமானம் என்ற சொல் எங்கும் வராது. விண்ணப்பம் மட்டும் அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று நகரும்.

சட்டத்தைக் கேட்டால் தமிழ்நாடு முந்திக்கொண்ட மாநிலம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்கு மட்டும் பங்கில்லை என்றது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் வந்து அந்தத் தடையும் போயிற்று. 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம், 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பாலேயே மகளுக்குப் பங்கு உண்டு என்று தெளிவாக்கியது.

ஊரில் நடப்பது பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும் நாளில் அக்கா தங்கைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச்சொல்வார்கள். பிறந்த வீட்டுச் சீரும், நாளை மகளுக்கு மொட்டையடிக்க மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் உறவும் மனசில் ஓட, அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். சண்டை இல்லாமல் முடிந்தது என்று வீட்டில் நிம்மதி. பத்து வருடம் கழித்து வங்கியில் “உங்க பேர்ல என்ன இருக்கு?” என்று கேட்கும்போதுதான் அந்தக் கையெழுத்தின் விலை தெரியும். புகுந்த வீட்டில் பட்டா மாமனார் பெயரில் இருக்கும், அல்லது கணவர் பெயரில்.

2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. புதிதாக வாங்குகிறவருக்கு இது லாபம். விட்டுக்கொடுத்த பங்கை அது திருப்பித் தராது.

சொந்த நிலம் இல்லாமலே வளர்ந்த வழி ஒன்றும் இந்த மாவட்டத்திலேயே உண்டு. மதுரை ஜோஸ்பின் ஆரோக்கிய மேரி 2006-ல் வேளாண் அறிவியல் நிலையத்தில் தேனீ வளர்ப்புப் பயிற்சி பெற்று, பத்துப் பெட்டிகளோடு தொடங்கியவர். இன்று அவருடைய தேன் வணிகம் பெரியது. தேனீப் பெட்டி வைக்கத் தோப்பு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. மகரந்தச் சேர்க்கை கூடும் என்பதால் தோப்புக்காரரே இடம் கொடுப்பார். எந்தத் தொழில் என்று யோசிக்கும் பெண்ணுக்கு இந்தக் கோணம் முக்கியம். பத்திரம் தேவைப்படாத முதலீடு எது என்று முதலில் பார்க்கலாம்.

[பெட்டி] தனிக் கடனுக்கு எங்கே தட்டலாம்?

முத்ரா: 2015-ல் தொடங்கியது. 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். வாங்கிய தருண் கடனை ஒழுங்காகக் கட்டியவருக்கு 20 லட்சம் வரை.
பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்: கிராமத்துப் பெண்ணுக்குத் திட்டச் செலவில் 35 சதவீத மானியம். கைக்காசு 5 சதவீதம் போதும்.
உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கான திட்டம் (2020): 35 சதவீத மானியம், உச்சவரம்பு 10 லட்சம். குழுவில் இருந்தால் உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை ஆரம்ப மூலதனம்.
தமிழ்நாடு மகளிர் தொழில்முனைவோர் திட்டம் (2025): 10 லட்சம் வரை கடன், 2 லட்சம் வரை மானியம்.
விவரங்களுக்கு மாவட்டத் தொழில் மையம். உணவுப் பொருளென்றால் மதுரை வேளாண் கல்லூரி வளாகத்தில் இயங்கும் வேளாண் வணிக ஊக்குவிப்பு மன்றத்தையும் அணுகலாம்.

செவ்வாய்க்கிழமை வரும் கடன்

வங்கி இழுத்தடிக்கும்போது வாசலுக்கே பணம் வருகிறது. பைக்கில் வரும் நுண்கடன் நிறுவனத்துப் பையன் ஆதார் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு போனால் ஒன்றிரண்டு நாளில் கணக்கில் ஏறிவிடும். அவசரத்துக்கு அதைவிடச் சுருக்கு வழி தண்டல்காரர். பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்தைக் கையில் கொடுக்கும் ரகமும் உண்டு. மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று மதுரையில் அதற்குப் பல பெயர்கள். 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. கடன் வசூலில் மிரட்டலையும் அவமானப்படுத்தலையும் குற்றமாக்கி 2025-ல் இன்னொரு சட்டம் வந்தது. ஒரு குடும்பத்தின் மொத்தத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி.

வட்டியைவிடத் தொழிலைக் கெடுப்பது தவணைக் காலம். ஊறுகாய் போடுகிறவள் மாங்காய் சீசனில் மொத்தப் பணத்தையும் இறக்க வேண்டும். உப்பில் ஊறி, ஜாடியில் தேறி, கடைக்குப் போய்க் காசாக மாதங்கள் ஆகும். வடகம் வற்றல் கதையும் இதுதான். பங்குனி சித்திரை வெயிலில் காய்வது ஐப்பசி மழையில்தான் விற்கும். வாரக் கடனோ அடுத்த செவ்வாய்க்கிழமையே கை நீட்டும். சரக்கு ஜாடியில் இருக்கும்போதே தவணை கட்ட வேண்டுமென்றால், ஒன்று இன்னொரு கடன் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சரக்கை அரை விலைக்குத் தள்ள வேண்டும்.

இன்னொரு விளைவும் உண்டு. பெண் பெயரில் எளிதாகக் கிடைப்பதால் வீட்டுக் கடன் எல்லாம் பெண் பெயரில் ஏறுகிறது. கணவரின் வண்டி, மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவு, நாத்தனார் வளைகாப்பு. பெயர் இவளுடையது, பணம் வீட்டுடையது. ஒரு தவணை தவறினால், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண் இறங்குவது இவளுக்கு. பிறகு இவளே தொழிலுக்கென்று வங்கிக்குப் போனால் கணினி கைவிரிக்கும்.

நாளுக்கு 289 நிமிடம்

2024-ல் மத்திய புள்ளியியல் துறை எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண் அதில் செலவழிப்பது சராசரியாக நாளுக்கு 289 நிமிடம். அந்த வேலை செய்யும் ஆண் 88 நிமிடம். 2019-ல் இது 299-க்கு 97. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்ததைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்குள் ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருப்பது கண்ணில் படும்.

ஏறத்தாழ ஐந்து மணி நேரம் போய்விட்ட ஒரு நாளில், மீதியில் தொழில். “கல்யாண ஆர்டர், ஐந்நூறு சீடை பாக்கெட், வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்” என்று போன் வந்தால் அவள் முதலில் யோசிப்பது மூலப்பொருளை இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் யார் சமைப்பது என்பதைத்தான். பெரிய ஆர்டரைக் கேட்டதும் தயங்குகிறார்கள், பெண்களுக்குத் துணிச்சல் இல்லை என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வதைக் கேட்டிருக்கலாம். துணிச்சலைப் பற்றிய வகுப்பைவிட அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கூடுதலாக உதவும்.

இந்த இடத்தில் எதிர்பாராத உதவி செய்த திட்டம் ஒன்று உண்டு. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் முதல்வரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்ட்டில் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நோக்கம் குழந்தைகளின் பசி. ஆனால் காலை ஆறிலிருந்து எட்டு வரை ஒரு அம்மாவின் கை கொஞ்சம் ஓய்ந்தது. மாவு விற்கிறவளுக்கும் பூக்கட்டுகிறவளுக்கும் அதுதான் வியாபார நேரம். இலவச பஸ்ஸைப் போலவே இதுவும் தொழில்முனைவோர் திட்டங்களின் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருக்கும் சிலவற்றைவிட அதிகம் உதவியிருக்கிறது.

பாக்கி

சரக்கு போய்விடும், காசு வராது. மளிகைக் கடைக்காரர் பத்து பாக்கெட்டுக்குக் காசு கொடுத்து இருபதைப் பாக்கியில் வைப்பார். கேட்டால் “எங்கக்கா போயிரப் போறேன், அடுத்த லோடுல சேத்து வாங்கிக்க.” ஆண் வியாபாரி என்றால் சாயங்காலம் கடைவாசலில் போய் நிற்பார், டீ குடித்துக்கொண்டே வசூலித்துவிடுவார். பெண் அப்படி நின்றால் ஊர் ஒன்று பேசும்.

2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் இந்தப் பாக்கிக்குக் கெடு வைத்திருக்கிறது. அதிகபட்சம் 45 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 45 நாளுக்குள் கொடுக்காத தொகையைக் கடைக்காரர் அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரலில் இன்னொரு பிடியும் வந்தது. இதற்கெல்லாம் குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வேண்டும். ஆதார் எண்ணை வைத்துப் பதியலாம், கட்டணம் இல்லை. ஒரு ஓட்டையும் உண்டு. பொருளைத் தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான் இந்தப் பாதுகாப்பு. சேலை வாங்கி விற்பவர், பூ வாங்கி விற்பவர் பதிவு செய்துகொண்டாலும் பாக்கி வசூல் பிரிவின் கீழ் வரமாட்டார்கள்.

ஆள் வைத்தால் கண்ணில் படும்

இவ்வளவையும் தாண்டியவள் ஒரு ஆளை வேலைக்கு வைக்கலாம் என்று நினைக்கும்போது புதிய கணக்கு தொடங்குகிறது.

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் பெரியாறு பாசனத்தில் இருபோகம் விளைகிற பூமி. வாடிப்பட்டி அதற்குள் வருகிறது. கால்வாயில் தண்ணீர் விட்டு நடவு தொடங்கிவிட்டால் வேறு எந்த வேலைக்கும் ஆள் அகப்படாது. நடவு இல்லாத நாளில் திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளின் வேன் வாசலுக்கு வந்து பெண்களை ஏற்றிப்போகும். அங்கே பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அதற்குக் குறைத்துக் கொடுத்தால் யார் வருவார்கள்?

336 என்றே வைத்துக்கொண்டாலும் 25 நாளுக்கு 8,400 ரூபாய். இட்லி மாவு பாக்கெட்டுக்குப் பத்து ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், அந்தக் கூலிக்காக மட்டும் மாதம் 840 பாக்கெட், நாளுக்கு 28 பாக்கெட் கூடுதலாக விற்க வேண்டும். அதற்கு இன்னொரு கிரைண்டர், இன்னொரு ஃப்ரிட்ஜ், பாக்கி சொல்லும் இன்னும் நாலு கடை.

கூடவே இன்னொரு பயம். ஒருத்தி வீட்டுக்குள் அரைத்து விற்கும்வரை யாரும் கேட்பதில்லை. வாசலில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் மின்வாரியத்தின் கண்ணில் படும். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், தொழிலுக்கு மாற்றினால் கணக்கு வேறு. குடிசை, குறுந்தொழிலுக்கெனத் தனிக் கட்டணப் பிரிவே இருப்பது பலருக்குத் தெரியாது. உணவுப் பாதுகாப்புப் பதிவு, பஞ்சாயத்து உரிமம், பக்கத்து வீட்டுக்காரரின் சத்தப் புகார் எல்லாம் பின்னாலேயே வரும். சிறிதாக இருந்தால் யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம் என்று அவள் போடும் கணக்கு அறியாமை இல்லை, அனுபவம்.

இரண்டாவது ஆளோடு தொடங்கிய தொழில்களும் உண்டு. சென்னையின் பெட்ரீஷியா நாராயண் 1982-ல் மெரினா கடற்கரையில் தள்ளுவண்டிக் கடை போட்டார். முதல் நாள் விற்றது ஒரு காபி, ஐம்பது காசு. வண்டி கொடுத்தவர் போட்ட நிபந்தனை, மாற்றுத்திறனாளிகள் இருவருக்கு வேலை தர வேண்டும் என்பது. கூலி கொடுக்க வேண்டிய கட்டாயத்தோடு தொடங்கியவர், 2010-ல் தொழில் வர்த்தகக் கூட்டமைப்பான ஃபிக்கியின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருதை வாங்கினார். பம்பாயில் 1959-ல் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம் வேறு வழியில் போனது. அங்கே கூலிக்கு ஆள் என்ற பேச்சே இல்லை. காலையில் பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துப்போய் உருட்டிக் காயவைத்துத் திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொருவரும் பங்காளி.

வாடிப்பட்டி வட்டத்தில் வைகைக் கரை மேலக்காலில் பி.எம். முருகேசன் உருவாக்கிய வாழைநார்க் கயிற்று இயந்திரம் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வேலை தந்திருக்கிறது. மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு வந்தது, சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவதும் வீட்டிலிருக்கும் பெண்கள்தான். இரண்டிலும் உழைப்பு பெண்களுடையது. ஆனால் முடிச்சுப் போடுகிறவர் எண்ணிக்கைக் கூலிக்காரியாக நிற்பதா, லிஜ்ஜத் போலப் பங்காளியாக மாறுவதா என்ற பேச்சு மதுரையில் இன்னும் பெரிதாக எழவில்லை. எழுந்தால் இரண்டாவது ஆள் தெருவிலேயே கிடைப்பாள், பன்னிரண்டாவதும் கிடைப்பாள்.

திட்டங்களில் இயந்திரத்துக்கு மானியம் உண்டு, கொட்டகைக்கும் பல நேரம் உண்டு. முதல் ஆறு மாதக் கூலிக்குக் கிடையாது. கூலிக்கென்றே மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை புதிதாக ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு, ஒரு தொழிலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை. நிபந்தனைகள் இரண்டு. நிறுவனம் வருங்கால வைப்பு நிதியில் பதிந்திருக்க வேண்டும், இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அந்தப் பதிவு கட்டாயம். ஐம்பதுக்கும் குறைவான ஆட்கள் உள்ள நிறுவனமென்றால் ஒரே நேரத்தில் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாக எடுக்க வேண்டும். வாடிப்பட்டியில் மாவு அரைக்கிறவளுக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு ஆள்.